கம்பெனி பஸ் வந்த தெரு

அராஜகம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒரே பொருளில்தான் கேட்டு வளர்ந்தேன். வரப்பை வெட்டி அரை அடி தன் பக்கம் சேர்த்துக்கொள்பவன் செய்வது அராஜகம். குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று கத்துவது அராஜகம். அதனால் 2013 மார்ச்சில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வகுப்பு விவாதத்தில் எனக்கு அராஜகவாதம் விழுந்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா பிசைந்த களியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஆதரவாவா பேசப் போற?" என்றார். ஆமாம் என்றேன். அரசன் இல்லாத நிலை என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள், கொடுமை என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்க முயன்றேன். அப்பா கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்போது தருமபுரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பாலக்கோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேர். சமூகச் சிந்தனை பற்றிய தாளை நடத்திய சார், பருவம் முடிவதற்குள் ஒரு விவாதம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். முதலாளித்துவம், மார்க்சியம், அரசின்மைவாதம் (வீட்டில் நான் அராஜகவாதம் என்று சொன்னது இதைத்தான்) என்று பலகையில் மூன்று பத்தியாக எழுதி, சீட்டுக் குலுக்கிப் போட்டார். யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. பிடிக்காத பக்கத்தில் நின்று பேசினால்தான் அதைப் படிப்பீர்கள் என்றார். அந்த விவாதம் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் என்னை விடாத ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொன்னவர் காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஒரு காலனியிலிருந்து வந்த வகுப்புத் தோழி. அவருக்கு விழுந்த சீட்டு முதலாளித்துவம்.

நான் தயாரான விதம்

சீட்டில் விழுந்ததுதான் என்றாலும் படிக்கப் படிக்க எனக்கு அரசின்மைவாதம் பிடித்துப்போனது. அதற்கு முக்கியக் காரணம் கிரோபோட்கின். ரஷ்யாவில் இளவரசராகப் பிறந்தவர். இளம் வயதில் சைபீரியாவில் இருந்தபோது, உயிரினங்கள் ஒன்றையொன்று அடித்துத் தின்று பிழைப்பதைவிடக் கடுங்குளிரைச் சேர்ந்து நின்று தாங்குவதையே அதிகம் கண்டதாகச் சொல்கிறார். வாழ்க்கை முழுக்கப் போராட்டம்தான் என்று உயிரியலாளர் ஹக்ஸ்லி 1888-ல் எழுதியதற்குப் பதிலாகத் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவை 1902-ல் 'பரஸ்பர உதவி' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. பூச்சியில் தொடங்கி, பறவைக் கூட்டம், கிராமச் சமுதாயம், இடைக்கால நகரத்தின் தொழில் சங்கம் வரை போகும் நூல் அது. மேலிருந்து அரசு கட்டளையிடாமலேயே மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

பரஸ்பர உதவி என்ற சொல் மேடைக்கு ஏற்றது, எங்கள் ஊருக்கு ஒட்டாது. நான் அதை ஒத்தாசை என்று மாற்றிக்கொண்டேன். மாற்றியதும் எல்லாம் கண் முன்னால் இருந்தன. ராகி அறுப்புக்கு எங்கள் காட்டுக்கு அவர்கள் வருவார்கள், அவர்கள் காட்டுக்கு நாங்கள் போவோம், கூலி என்ற பேச்சே எழாது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளி வீடுகளிலிருந்து சோறு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. வங்கி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய பணம் ஒரே காலைப்பொழுதில் வாசலில் வந்து சேர்கிறது. வாங்கியவர் பத்து வருடம் கழித்தானாலும் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிறார். எந்த போலீஸும் எந்தக் கோர்ட்டும் இதை நடத்தவில்லை. அரசே இல்லாமல் நடக்கும் கடன் வங்கி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதுதான் என் பேச்சின் உச்சமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு கண்டுபிடிப்பும் எனக்குப் பெருமையாக இருந்தது. எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-ல் சென்னையில் பிறந்தவர், பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் வேலை செய்தவர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே கருத்து மாறுபட்டு விலக்கப்பட்டு, பிறகு பெர்லினில் அரசின்மைவாதியானார். 1954-ல் பம்பாயில் இறக்கும் வரை அந்தக் கொள்கையை விடவில்லை. மூன்று பத்தியில் இரண்டை ஒரே ஆயுளில் வாழ்ந்து பார்த்த தமிழர் ஒருவர் இருந்தார் என்பதை அதுவரை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

விவாத நாள்

மார்க்சியப் பக்கம் முதலில் பேசியது. பேசிய நண்பர் நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தவர். அது எந்த ஊர் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லப்பட்ட நக்சல்பாரி இயக்கத் தலைவர்கள் பாலனுக்கும் அப்புவுக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. கூலிக்காகவும் கந்து வட்டிக்கு எதிராகவும், டீக்கடையின் இரட்டைக் குவளைக்கு எதிராகவும் சாதி தாண்டி ஆட்கள் சேர்ந்த இடம் அது. நண்பர் உபரி மதிப்பை நன்றாகத்தான் விளக்கினார். எட்டு மணி நேர வேலையில் எத்தனை மணி நேரம் உனக்கு, எத்தனை மணி நேரம் முதலாளிக்கு என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினார். ஆனால் அவர் ஊர்ப் பெயரைச் சொன்ன கணத்தில் வகுப்பில் எல்லோர் மனதிலும் ஓடியது வேறு. நான்கு மாதங்களுக்கு முன்பு, 2012 நவம்பர் 7 அன்று, அந்தப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டிருந்தன. வகுப்பில் அதுவரை யாரும் அதைப் பற்றி வாய் திறந்திருக்கவில்லை. அன்றும் அவர் அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நான். 1872-ல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் ஹேக் மாநாட்டில் மார்க்ஸ் தரப்பும் அரசின்மைவாதியான பக்கூனினும் பிரிந்த கதையைச் சொன்னேன். தொழிலாளர் பெயரில் அமையும் அரசும் கடைசியில் தொழிலாளர் தலைமேல்தான் உட்காரும் என்று பக்கூனின் எச்சரித்ததைச் சொன்னேன். அப்புறம் கிரோபோட்கின், ஆச்சார்யா, ராகி அறுப்பு, சாவு வீட்டுச் சோறு, மொய் நோட்டு. மொய் நோட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் இளங்கலையில் தமிழ் படித்திருந்த ஒருவர் எழுந்தார். "நெல்லும் உயிரன்றே நீரும் உயிரன்றே, மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்" என்று புறநானூற்றின் 186-ஆம் பாட்டைச் சொல்லி, அரசு இல்லாவிட்டால் உலகத்துக்கு உயிரே இல்லை என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டார்களே என்றார். எனக்கு அன்று எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பி அடுத்த பாட்டைப் பாருங்கள் என்றேன். 187, ஔவையார் பாடியது. நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன, பள்ளமோ மேடோ, "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை, வாழிய நிலனே." மன்னன் என்ற சொல்லே அதில் இல்லை. நிலம் நன்றாக இருப்பது அதில் வாழும் மனிதரால். இதைச் சொன்ன ஔவை நம்முடைய தகடூர் அதியமானிடம் இருந்த ஔவை என்றும் சேர்த்துக்கொண்டேன். தருமபுரியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வகுப்பு மேசையைத் தட்டியது. சாரும் சிரித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் காவேரிப்பட்டினத்துத் தோழி எழுந்தார். கையில் ஐந்தாறு பக்கக் குறிப்பு இருந்தது. ஆடம் ஸ்மித் 1776-ல் சொன்ன குண்டூசித் தொழிற்சாலை, பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசி, எல்லாம் அதில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள் நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதான் எழுதினோம். அவர் அந்தக் காகிதங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அம்மா சிறு வயதிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் காட்டில் வேலை செய்தவர். கூலி ராகிதான். அளந்து, முந்தானையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, கை படாமல் மேலிருந்து கொட்டுவார்கள். இன்றைக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்ல முடியாது, வேறு காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவே முடியாது. பிறகு அந்தப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வந்தது. மாம்பழ சீசனில் அம்மா அங்கே போக ஆரம்பித்தார். வார முடிவில் கவரில் பணம். கையில் கொடுத்தார்கள். "அம்மா அந்தக் கவரை வீட்டுக்குக் கொண்டாந்து, கையில குடுத்தாங்கடின்னு சொல்லுச்சு. எவ்ளோன்னு சொல்லல. கையில குடுத்தாங்கன்னுதான் சொல்லுச்சு" என்றார். பிறகு அக்கா ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னால் காலனி முனையில் வந்து நிற்கும். ஊர்ப் பெண்களும் அதே பஸ்ஸில்தான், அதே சீட்டில்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க ஒத்தாசைன்னு சொன்னதெல்லாம் நெசமாத்தான் இருக்கும். ஆனா உங்க ஒத்தாசை எங்க தெரு வரைக்கும் வந்ததில்லைங்க. கம்பெனி பஸ்சு வந்துச்சு. அவ்வழி நல்லவர்னு ஔவை சொன்னாங்களே, அந்த நல்லவங்க எந்தத் தெரு வரைக்கும் நல்லவங்க?"

யாரும் மேசையைத் தட்டவில்லை. எனக்குப் பதில் பேச இரண்டு நிமிடம் இருந்தது. எழுந்து நின்றேன். உபரி மதிப்பு, கான்ட்ராக்ட் முறை, அக்காவின் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்று கேட்டிருக்கலாம். அவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவற்றைக் கேட்பது அசிங்கம் என்று பட்டது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்து நண்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். யார் ஜெயித்தார்கள் என்று சார் அறிவிக்கவில்லை. மணி அடித்ததும் பலகையை அழிக்காமலே போனார்.

பரணில் இருந்த நோட்டு

அந்த வாரக் கடைசியில் பரணிலிருந்து என் அக்காவின் கல்யாண மொய் நோட்டை இறக்கினேன். பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய முதல் பக்கம், முதல் வரியில் தாய்மாமன். அடுத்து ஊர் வாரியாகப் பெயர்கள். நூற்றொன்று, இருநூற்றொன்று, ஐந்நூற்றொன்று. முன்பெல்லாம் அந்த நோட்டைப் புரட்டுவது எனக்கு ஆல்பம் பார்ப்பது போல. அன்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். எங்கள் ஊர்க் காலனியில் எனக்குத் தெரிந்த குடும்பங்களின் பெயர்களைத் தேடினேன். எங்கள் காட்டில் என் தாத்தா காலத்திலிருந்து வேலை செய்தவர்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தக்கால் குழி தோண்டியவர்கள், விறகு பிளந்தவர்கள். மொய் எழுதிய பக்கங்களில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கடைசிப் பக்கத்தில் இருந்தார்கள். அது செலவுக் கணக்கு. பந்தல், சமையல், பூ, வாழை மரம் என்று போகும் பட்டியலில், மேளம் நாலு பேர் என்றும் விறகு என்றும் எதிரே தொகையும் அரிசிப் படியும் எழுதியிருந்தது. மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் வரை எழுதிய அதே கையெழுத்து இவர்களுக்கு வெறும் பெயரை மட்டும், அதுவும் சிலருக்குத்தான், எழுதியிருந்தது. எழுதியது நான். அக்கா கல்யாணத்தில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

அவர்கள் மொய் கொடுத்தால் நாம் வாங்கியிருக்க மாட்டோமா என்று அம்மாவிடம் கேட்டேன். வாங்கினால் திருப்பிச் செய்யப் போக வேண்டுமே என்றார் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னார். திருப்பிச் செய்ய அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, இலையில் சாப்பிட வேண்டும். மொய்யின் அழகே திருப்பிச் செய்வதில் இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது

சார் பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் சொன்னார், அந்தப் பெண் பேசியது மார்க்ஸிலேயே இருக்கிறது என்று. 'மூலதன'த்தின் முதல் தொகுதியில் மார்க்ஸ் தொழிலாளியை இரட்டைப் பொருளில் சுதந்திரமானவர் என்கிறார். தன் உழைப்பை விருப்பப்பட்ட இடத்தில் விற்கச் சுதந்திரம், விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாத சுதந்திரம். நாங்கள் படிப்பவர்கள் இரண்டாவதை மட்டும் கோடிட்டு வைத்துக்கொண்டு, முதலாவது வெறும் பேச்சு என்று தாண்டிப் போய்விடுகிறோம். பரம்பரை அடிமைத்தனங்களை முதலாளி வர்க்கம் எப்படி உடைத்தது என்று சொல்லும் கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் பகுதி, 1931-ல் பெரியாரின் 'குடி அரசு' இதழில் தமிழில் வந்தது. அந்தப் பகுதியை அன்று படித்தவர்களுக்கு முந்தானை விரித்து ராகி வாங்குவது என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். முதல் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது, அது இல்லாமல் இருந்த அம்மாவுக்குத்தான் தெரியும். கிராமம் என்பது வட்டார வெறியின் சாக்கடை, அறியாமையின் குகை என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை நான் முதலில் படித்தபோது மிகையாகப் பட்டது. மொய் நோட்டைப் படித்த பிறகு அப்படிப் படவில்லை.

ஆனாலும் கம்பெனி பஸ்ஸே விடை என்று நான் போய்ச் சேரவில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களில், தோழிக்குப் போன் செய்தேன். அவர் அப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியராகியிருந்தார். பஸ் நின்றுவிட்டது, அக்காவுக்கு அந்த மாதம் சம்பளம் வரவில்லை, கான்ட்ராக்ட் என்பதால் கேட்கவும் ஆள் இல்லை என்றார். ரேஷனில் அரிசியும் ஆயிரம் ரூபாயும் வந்தன. இரண்டாவது சுதந்திரம் எப்படிப்பட்டது என்பதை அந்த வீடு அந்த மாதம் பார்த்தது. பழையபடி காட்டு வேலைக்குக் கூப்பிட்டார்களாம். அக்கா போகவில்லை. தையல் மெஷினை எடுத்து முகக்கவசம் தைத்து, அக்கம்பக்கத்தில் நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டார். "பஸ்சு நின்னாலும் போக மாட்டேன்னு சொல்ற தைரியம் நிக்கலைங்க" என்றார் தோழி. அந்த நான்கு பெண்களும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்களாம். கிரோபோட்கின் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அந்தப் பெயரை அவரிடம் எடுக்கும் உரிமையை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை என்று தோன்றியது.

அரசின்மைவாதத்தின் மேல் எனக்கு இருந்த பிரியம் போய்விடவில்லை. போலீஸ் இருந்தும்தான் நாயக்கன்கொட்டாயில் வீடுகள் எரிந்தன, அரசு ஒன்று இருந்தால் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விலக முடியாத உறவை ஒத்தாசை என்று இப்போது என்னால் சொல்ல முடிவதில்லை. அந்த அம்மா காட்டுக்காரர் வீட்டுக்குச் செய்ததும் ஊர்க் கணக்கில் ஒத்தாசைதான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்க முடியுமா என்று கேட்டால்தான் அது என்ன என்று தெரிகிறது. இதே கேள்வியைக் கட்சிக்கும் கம்பெனிக்கும் ஊருக்கும் குடும்பத்துக்கும் கேட்கிறேன். ஆச்சார்யாவை நினைக்கும்போதும், அவர் எந்தக் கொள்கையை நம்பினார் என்பதைவிட, தான் தொடங்கிய கட்சியோடே கருத்து மாறுபட்டு நின்றார் என்பதுதான் இப்போது முதலில் நினைவுக்கு வருகிறது.

சென்ற ஆண்டு என் மகளுக்குக் காது குத்தினோம். தோழியைக் குடும்பத்தோடு அழைத்தேன், வந்தார்கள். அக்கா, அம்மா எல்லோரும். வாசலில் நோட்டு எழுதியது என் சித்தப்பா மகன். காவேரிப்பட்டினம் என்று ஊர் எழுதி, தோழியின் பெயரும் அவர் அம்மாவின் பெயரும் எழுதி, 501 என்று போட்டிருந்தான். எங்கள் வீட்டு மொய் நோட்டுகளில் அப்படி ஒரு வரி அதுதான் முதல்.

அடுத்த மாதம் அவர்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அழைப்பிதழை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விலாசம் வரை படித்தார். பிறகு மொய் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் வரிசையாகத் தேடி, அந்த வரியில் நிறுத்தினார். "ஐந்நூத்தொண்ணு செஞ்சிருக்காங்க. ஆயிரத்தொண்ணாச் செய்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.